எடைக்குப் போடும் முன் ஒருமுறை திறந்து பாருங்கள்

பெறுநர்: தமிழ்நாடு அரசின் தகவல் தொழில்நுட்பவியல் மற்றும் டிஜிட்டல் சேவைகள் துறைச் செயலாளர் அவர்களுக்கும், தமிழ்நாடு மின்னணு நிறுவனமான எல்காட்டின் நிர்வாக இயக்குநர் அவர்களுக்கும்

மதிப்புக்குரியீர், வணக்கம்.

எந்த அரசு அலுவலகத்துக்குப் போனாலும் மாடிப்படிக்கு அடியிலோ பதிவறை மூலையிலோ பழைய கணினிகள் குவிந்து கிடப்பதைப் பார்க்கலாம். கீழே சி.பி.யு. பெட்டிகள், மேலே மானிட்டர்கள், அதற்கும் மேலே தன் ஒயரைக் கொண்டே சுற்றிக் கட்டப்பட்ட கீபோர்டுகள். எல்லாம் கண்டம் செய்யப்பட, அதாவது உதவாதவை என்று கழிக்கப்பட, காத்திருப்பவை. என்றாவது ஒருநாள் ஒரு குழு வரும். வாங்கிய ஆண்டையும் இருப்புப் பதிவேட்டு எண்ணையும் சரிபார்க்கும். பயன்பாட்டுக்கு உதவாதவை என்று எழுதிக் கையொப்பமிடும். பிறகு ஏலம், எடை, லாரி. இந்த நடைமுறையின் எந்தக் கட்டத்திலும் யாரும் அந்தப் பெட்டியின் திருகுகளைக் கழற்றி உள்ளே என்ன ஆயிற்று என்று பார்த்து நான் கண்டதில்லை.

என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசுப் பணத்தில் வாங்கிய கணினியோ மடிக்கணினியோ எதுவாயினும், வேலை தெரிந்த ஒருவர் திறந்து சோதித்து, இது தேறாது என்று எழுதித் தந்த பிறகே எடைக்குப் போக வேண்டும். தேறக்கூடியவை சீராக்கப்பட்டு மறுபடி மேசைக்கு வர வேண்டும். இதற்கான ஆட்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். சட்டமும் இடம் கொடுக்கிறது. உங்கள் துறையிலிருந்து ஓர் ஆணை வந்தால் போதும்.

நான் துறையூரில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். உப்பிலியபுரம், தா.பேட்டை, பச்சைமலைக் கிராமங்கள் வரை சுற்றுவட்டாரத்து மக்கள் என்னிடம் கொண்டுவரும் மடிக்கணினிகளில் பெரும்பங்கு அரசு கொடுத்தவைதான். 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், கொரோனா காலத்தோடு அது நின்றுபோகும்வரை, ஏறத்தாழ 50 லட்சம் மடிக்கணினிகள் மாணவர்கள் கைக்குப் போயின. அந்தத் திட்டத்தைக் கேலி செய்தவர்கள் உண்டு. விற்றுவிடுவார்கள், படம் பார்ப்பார்கள் என்றார்கள். நான் பார்த்தது வேறு. வீட்டில் முதன்முதலாகக் கணினியைத் தொட்ட பெண் அதை வைத்தே பட்டயக் கணக்கர் தேர்வுக்குப் படிக்கிறாள். அவள் தம்பி அதிலேயே டேலி என்ற கணக்கு மென்பொருளைப் பழகுகிறான். அக்காவுக்குத் திருமணமாகிப் போன பிறகும் மடிக்கணினி பிறந்த வீட்டிலேயே இருக்கிறது. அதன் திரை அசைந்தாலும் சார்ஜ் ஏறாவிட்டாலும் அந்த வீட்டில் ஒரு கவலை புகுந்துவிடுகிறது. புதிதாக ஒன்று வாங்க அவர்களிடம் பணம் இல்லை.

அப்படி வருகிறவற்றில் என்ன பழுது இருக்கிறது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலும் அற்பமான பழுதுகள். சார்ஜர் பின் ஆடிப்போயிருக்கும். திரையைத் தாங்கும் கீல் இறுகி, அது பிடித்திருந்த பிளாஸ்டிக் பிய்ந்திருக்கும். பேட்டரி ஓய்ந்திருக்கும். விசிறியில் தூசி அடைத்து, பிராசசர்மேல் தடவிய பசை காய்ந்து, சூடேறித் தானே அணைந்துகொண்டிருக்கும். எல்லாவற்றையும்விட அதிகமாக வருவது 'ரொம்ப மெதுவாக இருக்கிறது' என்ற புகார். பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி அதைவிட வேகமான எஸ்.எஸ்.டி. சேமிப்பகம் ஒன்றைப் போட்டு, ராம் நினைவகத்தைக் கூட்டிவிட்டால், பத்தாண்டு வயதான மடிக்கணினி புதிதாகப் பிறந்ததுபோல் திறக்கிறது. இது எங்கள் தொழிலில் இருப்பவர்கள் எல்லாரும் தினமும் செய்யும் வேலை.

'போர்டு', அதாவது கணினியின் முதன்மை மின்சுற்றுப் பலகை, 'போய்விட்டது' என்று சொல்லப்படுபவற்றிலும் கணிசமானவை போனவை அல்ல. ஓர் உதாரணத்தை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கண்டம் பட்டியல்களில் காரணம் எழுதும் இடத்தில் பெரும்பாலும் இதைத்தான் பார்க்கிறேன்: 'மதர்போர்டு பழுது'. எங்கள் ஊர்ப் பழைய இரும்புக் கடையில் அரசு அலுவலக எண் பெயின்டால் எழுதிய ஒரு மடிக்கணினியை வாங்கி வந்தேன். பொத்தானை அழுத்தினால் அசைவில்லை, விளக்கில்லை. அடிமூடியைக் கழற்றி, பேட்டரியைத் துண்டித்து, 19 வோல்ட் மின்சாரம் உள்ளே நுழையும் பாதையில் மல்டிமீட்டர் என்ற மின்அளவுக் கருவியை வைத்தேன். போர்டின் கிரவுண்டுக்கும் அந்தப் பாதைக்கும் இடையே மின்தடையே இல்லை என்று கருவி கூவியது. முழு ஷார்ட். இந்த நிலையில் போர்டைத் தூக்கிப் போடுகிறவர்கள்தான் அதிகம். ஆனால் அந்தப் பாதையில் அரிசி நொய் அளவில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பீங்கான் கெப்பாசிட்டர்களில் (மின்சாரத்தைத் தேக்கும் சிறு பாகங்களில்) ஏதேனும் ஒன்று செத்தாலே முழுப் பாதையும் இப்படிக் காட்டும். குறைந்த வோல்டேஜில் கொஞ்சம் மின்சாரம் செலுத்தி, போர்டின்மேல் சிறிது ஸ்பிரிட்டைத் தடவினேன். செத்த கெப்பாசிட்டர் மட்டும் சூடேறும். அதன்மேல் உள்ள ஸ்பிரிட் மற்ற இடங்களுக்கு முன்னால் ஆவியாகும். ஒரே ஒரு புள்ளி சட்டென்று உலர்ந்தது. சூடான காற்று ஊதும் ஹாட் ஏர் கருவி கொண்டு அந்தக் கெப்பாசிட்டரை எடுத்தேன். மல்டிமீட்டர் வாயை மூடிக்கொண்டது. அதே அளவில் இன்னொன்றைப் பழைய போர்டிலிருந்து எடுத்து வைத்து, மின்சாரம் கொடுத்தேன், விசிறி சுழன்றது. பாகத்தின் விலை ஐந்து ரூபாயைத் தாண்டாது. அந்த மடிக்கணினி இன்று ஒரு தட்டச்சுப் பயிலகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அதை வாங்கிய அலுவலகம் எது என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. யாரையும் மாட்டிவிடுவதற்காக இந்த மடல் எழுதப்படவில்லை. ஆனால் ஒன்றைக் கேட்டாக வேண்டும். 2022ஆம் ஆண்டு மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. ஒரு நிதியாண்டில் ஆயிரம் கருவிகளுக்குக் குறையாமல் பயன்படுத்தும் எந்த அமைப்பும் 'பெருநுகர்வோர்' ஆகிறது. பெருநுகர்வோர் தம் மின்னணுக் கழிவைப் பதிவுபெற்ற உற்பத்தியாளரிடமோ, சீரமைப்பாளரிடமோ, மறுசுழற்சியாளரிடமோ மட்டுமே ஒப்படைக்க வேண்டும். தாலுகா அளவில் ஓர் அலுவலகத்தைத் தனியாக எண்ணினால் ஆயிரம் வராதிருக்கலாம். துறை முழுவதையும் எண்ணினால் வராதா? அப்படியானால் அரசு எண் எழுதிய கணினி பழைய இரும்புக் கடைக்கு எப்படி வருகிறது?

அங்கிருந்து அது எங்கே போகிறது என்பதையும் சொல்கிறேன். இரும்புப் பெட்டி ஒரு பக்கம், பிளாஸ்டிக் ஒரு பக்கம், ஒயர் ஒரு பக்கம், போர்டு ஒரு பக்கம் என்று உடைத்துப் பிரிப்பார்கள். செம்புக்காக ஒயரை எரிப்பார்கள். அதன் மேலுறை பி.வி.சி. என்பதால் எரியும்போது டையாக்சின் என்ற கொடிய நச்சு உண்டாகிறது. போர்டுகள் கைமாறிக் கைமாறி வடக்கே போகும். உத்தரப்பிரதேசத்தில் பித்தளைப் பாத்திரத்துக்குப் பெயர்போன மொராதாபாத், நாடெங்கிலுமிருந்து வரும் சர்க்யூட் போர்டுகளை எரித்து, பொடித்து, ராம்கங்கை ஆற்றில் அலசி உலோகம் எடுக்கும் ஊராகவும் மாறியது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிடும் அளவுக்குக் கரையில் கறுப்புச் சாம்பல் குவிந்தது. டெல்லி சீலம்பூரில் கையுறைகூட இல்லாமல் அமிலத் தொட்டியில் கைவிட்டு வேலை செய்கிறவர்களை எத்தனையோ புகைப்படங்களில் பார்த்துவிட்டோம். அந்த மனிதர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களும் வயிற்றுப்பாட்டுக்கு உழைப்பவர்கள். ஓடக்கூடிய ஒரு கணினியை அவர்களின் தொட்டிவரை அனுப்பி வைப்பதுதான் தவறு.

பதிவுபெற்ற மறுசுழற்சி ஆலைக்கே போனாலும் நிலைமை பெரிதாக மாறுவதில்லை. ஆலை முறையாக வேலை செய்யும், நச்சைக் கட்டுப்படுத்தும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அங்கே வருமானம் உலோகத்தின் எடையில் இருக்கிறது. ஐந்து ரூபாய் கெப்பாசிட்டரைத் தேடுவதற்கு அங்கே யாருக்கும் நேரமில்லை. நல்ல கணினியும் செத்த கணினியும் ஒரே அரவை இயந்திரத்தில் விழும். ஒரு மடிக்கணினி தன் வாழ்நாளில் உண்டாக்கும் கரியமிலத்தின் பெரும்பகுதி அது நம் மேசைக்கு வருவதற்கு முன்பே, சுரங்கத்திலும் சிப் ஆலையிலும் உண்டாகிவிடுகிறது. அரைத்து எடுக்கும் செம்பும் தங்கமும் அதில் ஒரு துளியைத்தான் மீட்டுத் தருகின்றன. இன்னும் நான்கு ஆண்டு ஓடவிட்டால், புதிதாக ஒன்றைச் செய்யவேண்டிய அவசியம் நான்கு ஆண்டு தள்ளிப்போகிறது.

உலகக் கணக்கு உங்களுக்குத் தெரிந்ததே. ஐ.நா. அமைப்புகள் 2024இல் வெளியிட்ட மின்னணுக் கழிவு அறிக்கைப்படி, 2022இல் மட்டும் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதம். மறுசுழற்சித் திறனைக் கூட்டுவது தேவைதான். அதைவிட முன்னால், கழிவாக மாறுவதையே தள்ளிப்போடும் வேலை இருக்கிறது. நம் விதிகளே அதை ஊக்குவிக்கின்றன. விற்ற கருவிகளுக்கு ஈடாகக் குறிப்பிட்ட எடைக் கழிவை மறுசுழற்சி செய்யும் பொறுப்பு உற்பத்தியாளருக்கு உண்டு. அவர் சீரமைப்பாளரிடமிருந்து சான்றிதழ் பெற்றால், அந்த எடைக்கான மறுசுழற்சிப் பொறுப்பு கருவியின் நீட்டிக்கப்பட்ட ஆயுள் முடியும்வரை தள்ளிவைக்கப்படுகிறது. அப்போதும் முழு எடைக்குப் பதில் 75 சதவீதம் மட்டுமே அவர் கணக்கில் சேரும். 100 டன் பொறுப்புள்ள நிறுவனம் 60 டன்னுக்குச் சீரமைப்புச் சான்று வைத்திருந்தால், இந்த ஆண்டு 40 டன்னை மறுசுழற்சி செய்தால் போதும், பிற்பாடு 45 டன். ஆக, சீரமைப்பில் பணமதிப்புள்ள ஒரு சான்றிதழும் பிறக்கிறது. தமிழ்நாடு அரசு தன் பழைய கணினிகளைச் சீரமைக்க ஒரு பதிவுபெற்ற அமைப்பை உருவாக்கினால், அந்தச் சான்றிதழ்களை விற்கும் வருமானமும் அதற்கு உண்டு. உங்கள் துறை 2010லேயே மின்னணுக் கழிவுக்கென்று தனிக் கொள்கை வெளியிட்ட துறை. இதை உங்களுக்கு நான் கற்றுத்தர வேண்டியதில்லை.

தனியார் இதை எப்போதோ புரிந்துகொண்டுவிட்டார்கள். சென்னை, பெங்களூரு மென்பொருள் நிறுவனங்கள் மூன்று நான்கு ஆண்டு பயன்படுத்திய மடிக்கணினிகளை மொத்தமாக விற்கின்றன. வியாபாரிகள் வாங்கி, துடைத்து, தரம் பிரித்து, பேட்டரி மாற்றி, சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் வரிசையாக அடுக்கி வைக்கிறார்கள். கல்லூரி மாணவர்கள் முதல் பட்டயக் கணக்கர் அலுவலகங்கள் வரை வந்து வாங்கிப் போகிறார்கள். அந்தக் கடைகளில் ஒரு மடிக்கணினியைக்கூடக் கிலோ விலைக்குத் தரமாட்டார்கள். திரை மட்டும் உடைந்ததா, அதற்கொரு விலை. போர்டு மட்டும் நன்றாக இருக்கிறதா, அதற்கொரு விலை. அதே சென்னையில், அதே தரத்துக் கணினியை, அரசு மட்டும் இரும்பு விலைக்குத் தள்ளுகிறது. தணிக்கையாளர்கள் ஏன் இதைக் கேட்பதில்லை என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அரசே முன்னின்று இதைச் செய்யும் நாடுகளும் இருக்கின்றன. பணக்கார நாடுகளைச் சொல்லவில்லை, நம்மைப்போன்ற நாடுகளைச் சொல்கிறேன். கனடாவில் 1993இல் தொடங்கிய 'பள்ளிகளுக்குக் கணினி' திட்டத்தைப் பார்த்து, கொலம்பியா 2000ஆம் ஆண்டில் 'கல்விக்குக் கணினிகள்' என்ற அரசுத் திட்டத்தைத் தொடங்கியது. அலுவலகங்களும் நிறுவனங்களும் கழித்த கணினிகளைச் சீரமைத்து அரசுப் பள்ளிகளுக்குக் கொடுத்தார்கள். தேறாதவற்றைப் பாதுகாப்பாகப் பிரிப்பதற்கும் தனி மையம் அமைத்தார்கள். பிரேசில் இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே கணினிச் சீரமைப்பு மையங்கள் என்று பல நகரங்களில் இருக்கின்றன. வசதியற்ற குடும்பத்து இளைஞர்கள் அங்கே வந்து பயிற்சி பெறுகிறார்கள். அவர்கள் பழகுவது அரசு அலுவலகங்கள் அனுப்பிய பழைய கணினிகளில். சீராக்கியவை பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் சமுதாயக் கூடங்களுக்கும் போகின்றன. 2022 டிசம்பரில் இதைத் தேசியக் கொள்கையாக்கி 14.479 எண் கொண்ட சட்டமே இயற்றிவிட்டார்கள். பக்கத்துக் கேரளத்தில் பள்ளிகளின் மின்னணுக் கழிவை ஓர் அரசு நிறுவனமே திரட்டுகிறது.

பிரேசிலின் முறையில் என்னை மிகவும் கவர்ந்தது பயிற்சிதான். தமிழ்நாட்டில் அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் கணினி வன்பொருள் பராமரிப்புக்கென்றே ஒரு தொழிற்பிரிவு உண்டு. பாலிடெக்னிக்குகளில் மின்னணுவியல் உண்டு. அங்கே படித்து முடித்த பையன்கள் என் கடைக்கு வேலை கேட்டு வருகிறார்கள். சான்றிதழ் இருக்கும், ஓமின் விதியைத் தப்பில்லாமல் சொல்வார்கள். ஆனால் சால்டரிங் முனையைப் பிடிக்கும்போது கை நடுங்கும், காரணம் பழகிப் பார்க்க அவர்களுக்குப் போதுமான போர்டுகள் கிடைத்ததில்லை. ஆய்வகத்தில் நன்றாக ஓடும் ஒரு கணினியை எந்த ஆசிரியரும் பிள்ளைகளிடம் கொடுத்துப் பிரிக்கச் சொல்லமாட்டார். உடைந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் பழக போர்டு இல்லாத மாணவர்கள், இன்னொரு பக்கம் ஆள் இல்லாமல் குவிந்து கிடக்கும் போர்டுகள். 71 அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களை 2,877 கோடி ரூபாயில் நவீனமாக்கியிருக்கிறது நம் அரசு. அதே வளாகங்களில் ஓர் அறையும், நான்கு மேசையும், சில ஹாட் ஏர் கருவிகளும், மின்சாரப் பாதுகாப்பும், புகை வெளியேற்றும் விசிறியும் இருந்தால் மாவட்டத்துக்கு ஒரு சீரமைப்புக் கூடம் தயார். மேற்பார்வைக்கு என்னைப்போன்ற கடைக்காரர்களைப் பகுதிநேரமாக அமர்த்துங்கள். எங்களில் பலருக்குப் பட்டமோ பட்டயமோ இல்லை. அதைக் காரணம் காட்டித் தள்ளிவிடாதீர்கள். கைவேலைத் தேர்வு வைத்து எடுத்துக்கொள்ளுங்கள். மின்னணுக் கழிவுத் துறையில் வேலை செய்வோரின் திறன் பயிற்சியும் உடல்நலப் பாதுகாப்பும் மாநில அரசின் பொறுப்பு என்று 2022 விதிகளே சொல்கின்றன.

இதற்கு எழக்கூடிய எதிர்ப்பு எனக்குத் தெரியும். 'ஏழைப் பிள்ளைகளுக்குப் பழையது போதும் என்கிறாயா?' என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்வி. பழைய ஐரோப்பியக் கணினிகளை 'நன்கொடை' என்ற பெயரில் ஆப்பிரிக்கத் துறைமுகங்களில் இறக்கிய கதை நமக்குத் தெரியும். கானாவின் அக்பொக்ளோஷி குப்பைக்காடு அப்படிக் கப்பலில் வந்தவையும் சேர்ந்து வளர்ந்ததுதான். எனவே தெளிவாகச் சொல்கிறேன். மாணவருக்கு அரசு தரும் மடிக்கணினி புதியதாகவே இருக்க வேண்டும். அதில் சமரசம் கூடாது. சீரமைத்தவை போக வேண்டிய இடங்கள் வேறு: ஒற்றைக் கணினிகூட இல்லாத ஊர்ப்புற நூலகங்கள், ஆதிதிராவிடர் நல விடுதிகளின் படிப்பறைகள், போட்டித்தேர்வு பயிற்சி மையங்கள், ஊராட்சி அலுவலகங்கள். எதைக் கொடுத்தாலும் ஓராண்டு உத்தரவாதம் வேண்டும், பேட்டரி குறைந்தது இரண்டு மணி நேரம் தாங்க வேண்டும், தமிழில் தட்டச்சு செய்து அச்செடுக்க முடிய வேண்டும். முடியாத எதையும் கொடுக்கக் கூடாது. பாதரச விளக்குள்ள பழைய திரைகளையும், ஈயக் கண்ணாடி கொண்ட பெட்டி மானிட்டர்களையும் யாருக்கும் தள்ளிவிடக் கூடாது. அவை நேரே மறுசுழற்சி ஆலைக்குப் போக வேண்டியவை. உப்பிய பேட்டரியும் அப்படியே.

இப்போது இதை அவசரமாக எழுதக் காரணம் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற வேண்டுமானால் இன்டெல் பிராசசர் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். சுமார் 2018க்கு முன் வாங்கிய கணினிகள் பெரும்பாலும் இதில் அடிபட்டுப்போகும். வன்பொருளில் எந்தக் கோளாறும் இல்லாத ஆயிரக்கணக்கான அலுவலகக் கணினிகள் இந்த ஒரே காரணத்துக்காகக் கண்டம் பட்டியலில் ஏறப்போகின்றன. பல இடங்களில் ஏறிவிட்டன. அவற்றில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் இன்னும் பல ஆண்டு பாதுகாப்பாக ஓடும். இது தமிழ்நாட்டுக்குப் புதிதும் அல்ல. சென்னையில் ஒன்றிய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸை நம் விலையில்லா மடிக்கணினிகளிலேயே விண்டோஸோடு சேர்த்துப் போட்டுக் கொடுத்தீர்கள். அதை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது வேறு கதை. சொல்லிக் கொடுக்க ஆளில்லாததால் வந்த குறை அது. நூலகத்தில் நாளிதழ் படிக்கவும், விண்ணப்பம் நிரப்பவும், தமிழ்99 விசைப்பலகையில் கடிதம் அடிக்கவும் லினக்ஸ் தாராளமாகப் போதும்.

தரவுப் பாதுகாப்பு என்ற தயக்கமும் நியாயமானதே. அலுவலக ஹார்டு டிஸ்க்கில் மக்களின் ஆதார் எண் முதல் பட்டா விவரம் வரை இருக்கும். கழற்றிய டிஸ்க்கை அலுவலகத்தாரின் கண்ணெதிரே முறையாக அழித்துச் சான்று கொடுக்கலாம்; நம்பிக்கை வராவிட்டால் துளையிட்டு நொறுக்கலாம். புதிய எஸ்.எஸ்.டி. எப்படியும் போடத்தான் போகிறோம். ஒரு டிஸ்க்குக்காக முழுக் கணினியை அழிக்க வேண்டியதில்லை. சொல்லப்போனால், டிஸ்க்கோடு சேர்த்து ஏலத்தில் தள்ளிவிடும் இன்றைய பழக்கம்தான் உண்மையான ஆபத்து. பழைய இரும்புக் கடையிலிருந்து நான் வாங்கும் கணினிகளில் கோப்புகள் அப்படியே கிடக்கின்றன. நான் அழித்துவிடுகிறேன். வாங்குகிற எல்லாரும் அழிப்பார்கள் என்று எண்ண முடியுமா?

இன்னொரு முக்கியமான கோரிக்கை, புதிய மடிக்கணினிகளைப் பற்றியது. கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினியோ கைக்கணினியோ தருவதாக 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில் அறிவித்து, முதற்கட்டமாக 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. நல்ல திட்டம், நானும் வரவேற்கிறேன். ஆனால் உத்தரவாதக் காலம் முடிந்த மறுநாள் அந்த மாணவர் எங்கே போவார்? ஊர்க் கடைக்குத்தான் வருவார். அப்போது அதே மாடலுக்கான கீபோர்டும் கீலும் பேட்டரியும் கிடைக்காமல், நான் சீனத்து நகல் பாகங்களைத் தேடி அலைவேன். 20 லட்சம் வாங்கும் ஒருவர் கேட்டால் எந்த நிறுவனமும் மறுக்காது. ஆகவே இனி வரும் ஒவ்வொரு கொள்முதல் ஒப்பந்தத்திலும் எழுதுங்கள்: ஏழு ஆண்டுகளுக்கு அசல் பாகங்கள் அறிவிக்கப்பட்ட விலையில் யாருக்கும் கிடைக்க வேண்டும்; மதர்போர்டின் மின்சுற்று வரைபடமும் பழுதுநீக்கக் கையேடும் பொதுவில் வெளியாக வேண்டும்; பேட்டரி பசையால் ஒட்டப்படாமல் திருகால் பொருத்தப்பட்டிருக்க வேண்டும்; ராம் போர்டோடு சேர்த்துச் சால்டர் செய்யப்படாமல் மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். பிரான்சில் 2021 முதல் மடிக்கணினி வாங்கும்போதே அதைப் பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்று பத்துக்கு எத்தனை மதிப்பெண் என அட்டையில் போட்டாக வேண்டும். இந்தியாவிலும் அப்படியொரு குறியீட்டுக்காக அமைக்கப்பட்ட குழு 2025 மே மாதம் ஒன்றிய அரசிடம் அறிக்கை கொடுத்துவிட்டது. அது சட்டமாகும்வரை தமிழ்நாடு காத்திருக்க வேண்டியதில்லை.

ஏற்கெனவே கொடுத்த மடிக்கணினிகளுக்கும் ஒரு வழி செய்யுங்கள். அவற்றில் பல இன்று பரணிலும் பீரோவிலும் முடங்கிக் கிடக்கின்றன. அரசு முத்திரை இருப்பதால் விற்கவும் பயம், தூக்கிப் போடவும் மனமில்லை. தாலுகாவுக்கு ஒரு நாள் முகாம் போட்டு, பழுதானதைக் கொண்டுவரச் சொல்லுங்கள். சீராகக்கூடியதைப் பாக விலைக்குச் சீராக்கிக் கொடுங்கள். வேண்டாம் என்பவர்களிடம் ரசீது கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஒன்றின் திரை, இன்னொன்றின் உயிர். இணையவழி வகுப்பு நடந்த 2020, 2021 ஆண்டுகளில் கைப்பேசி வாங்குவதற்காகத் தோட்டை அடகு வைத்த தாய்மார்களை நான் அறிவேன். அதே தெருவில் அடுத்த வீட்டுப் பரணில் அரசு மடிக்கணினி தூசி படிந்து கிடந்தது. அந்த நாட்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

மாநிலம் முழுவதும் ஒரே நாளில் செய்யச் சொல்லவில்லை. திருச்சி மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே கண்டம் பட்டியலில் இருக்கும் கணினிகளின் ஏலத்தை ஆறு மாதம் நிறுத்தி வையுங்கள். ஓர் அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஓர் அறை ஒதுக்குங்கள். துறையூர், முசிறி, லால்குடி, மணப்பாறைப் பக்கத்துக் கடைக்காரர்களை நான் திரட்டி வருகிறேன். வாரத்தில் ஒரு நாள் கடையை மூடிவிட்டு, கூலி வாங்காமல் வந்து, மாணவர்களோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிறோம். பாகங்களுக்கான செலவை மட்டும் அரசு ஏற்கட்டும். எத்தனை வந்தன, எத்தனை தேறின, ஒன்றுக்கு எவ்வளவு செலவானது, ஏலத்தில் போயிருந்தால் எவ்வளவு கிடைத்திருக்கும் என்ற நான்கு எண்களையும் மாதந்தோறும் பொதுவில் வெளியிடுங்கள். கணக்கு எங்களுக்கு எதிராக வந்தால் ஏலத்தை மறுபடி தொடங்கிவிடுங்கள். அறை எப்போது கிடைக்கும் என்பதை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வழியாகத் தெரிவித்தால் போதும். கருவிகளை நாங்களே கொண்டுவருவோம்.

இப்படிக்கு,
கணினிப் பழுதுநீக்குநர் ஒருவர்,
துறையூர், திருச்சி மாவட்டம்.